துண்டு போட்ட இருக்கைகள்: இணையத்தில் சேவை மறுப்புத் தாக்குதல்

தீபாவளிக்கு முதல் நாள் ஊருக்குப் போகிற பஸ், ஸ்டாண்டுக்குள் திரும்புகிறது. வண்டி நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டு, கைக்குட்டை, குடை, செய்தித்தாள், சில சமயம் குழந்தை என்று ஒவ்வொன்றாக உள்ளே போய் விழும். துண்டு விழுந்த இருக்கை துண்டுக்காரருக்குச் சொந்தம். இதற்குச் சட்டம் எதுவும் கிடையாது. ஆனாலும் எல்லோரும் மதிக்கிற ஒப்பந்தம். இப்போது ஒருவன் ஐம்பது துண்டுகளை வாங்கி வந்து ஐம்பது இருக்கையிலும் போட்டுவிட்டு, தான் ஏறாமலே வீட்டுக்குப் போய்விட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பஸ் காலியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒருவரும் உட்கார முடியாது. கண்ணாடி உடையவில்லை, டயர் கிழியவில்லை, டிரைவரை யாரும் அடிக்கவில்லை. இருந்தும் அந்த வண்டியால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை.

கணிப்பொறி உலகில் இதற்கு 'டினையல் ஆஃப் சர்வீஸ்' என்று பெயர். தமிழில் சேவை மறுப்பு என்கிறோம். இதில் திருட்டு இல்லை. கடவுச்சொல் களவு போவதில்லை. வேலை செய்கிற ஒரு இயந்திரத்தை வேலை செய்ய விடாமல் தடுப்பதுதான் நோக்கம். சங்கக் கூட்டங்களில் பெரியவர்கள் என்னிடம் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "நம்ம பையன் நெட்வொர்க் செக்யூரிட்டில இருக்கான் சார். ராத்திரி ரெண்டு மணிக்கு போன் வந்தா எழுந்து உக்காந்துடறான். அப்படி என்ன சார் தலை போற வேலை?" அதற்கான பதிலில் ஒரு பகுதியாவது இந்தக் கட்டுரையில் கிடைக்கும் என்று நம்புகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஊருக்குப் போக தத்கால் டிக்கெட் எடுக்கக் காலை பத்து மணிக்கு லட்சக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் ஒரு தளத்தின் மேல் விழுந்தால் அது திணறும். அது தாக்குதல் இல்லை, நிஜமான கூட்டம். கூட்டத்துக்கு மருந்து பெரிய இயந்திரம், கூடுதல் இயந்திரம். நான் சொல்ல வந்தது வேறு. மிகச் சில செய்திகளை மட்டும் அனுப்பி, பெரிய இயந்திரத்தையும் முடக்கிப் போடுகிற ஓட்டைகளைப் பற்றி. அவை இருப்பது இயங்குதளத்தின் உள்ளே, வலைத்தொடர்பைக் கவனிக்கிற நிரல் பகுதியில். விண்டோஸ், லினக்ஸ், மேக் எதுவானாலும் இந்தப் பகுதி உண்டு. அதன் நிலைமை கொஞ்சம் பரிதாபமானது. வாசலில் வந்து விழுகிற ஒவ்வொரு கடிதத்தையும், அனுப்பியவன் நல்லவனா கெட்டவனா என்று தெரியாமலே, அதுதான் பிரித்துப் படித்தாக வேண்டும். "நீ யார், உன் கடவுச்சொல் என்ன" என்று கேட்கிற கட்டம் பிற்பாடுதான் வரும். போதாக்குறைக்கு இந்த நிரல் இருப்பது கெர்னல் எனப்படும் கருப்பகுதியில். அது தடுமாறி விழுந்தால் மொத்த இயந்திரமும் விழும்.

துண்டு கதைக்கு வருகிறேன். இணையத்தில் இரண்டு கணிப்பொறிகள் பேச ஆரம்பிக்கும்போது டி.சி.பி. என்கிற நெறிமுறையின்படி மூன்று செய்திகள் பரிமாறிக்கொள்கின்றன. முதலில் வாடிக்கையாளர், 'பேசலாமா?' என்கிறார். இந்தச் செய்திக்கு ஸின் என்று பெயர். அதில் அவர் தன் வரிசை எண்ணையும் சொல்கிறார். சர்வர், 'பேசலாம், உங்கள் எண் கிடைத்தது, என் வரிசை எண் இது' என்று பதில் அனுப்புகிறது. மூன்றாவதாக வாடிக்கையாளர், 'உங்கள் எண்ணும் கிடைத்தது' என்று முடிக்கிறார். பேச்சு தொடங்குகிறது. 1981 செப்டம்பரில் வெளியான ஆர்.எஃப்.சி. 793 என்ற ஆவணத்தில் இது விவரமாக இருக்கிறது. அன்றைய வலையில் இருந்தவை பெரும்பாலும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களும் ஆராய்ச்சிக்கூடங்களும் ராணுவ அலுவலகங்களும்தான். ஏறக்குறைய ஒரே அக்கிரகாரம் மாதிரி. யார் வீட்டுக் கதவும் தாழ் போட்டிருக்காது.

சிக்கல் இரண்டாவது செய்திக்கும் மூன்றாவதற்கும் நடுவில் இருக்கிறது. பதிலை அனுப்பிய சர்வர், 'இன்னார் பேச வந்தார், இன்ன எண் சொன்னார்' என்று நினைவகத்தில் ஒரு குறிப்பை எழுதி வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. அதுதான் துண்டு போட்ட இருக்கை. மூன்றாவது செய்தி வரவே இல்லை என்றால்? கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் குறிப்பை அழிக்கும். தொண்ணூறுகளில் பரவலாக இருந்த பி.எஸ்.டி. வகை யூனிக்ஸ் இயந்திரங்களில் அந்தக் 'கொஞ்ச நேரம்' 75 வினாடி. இப்படிக் காத்திருப்போருக்கான இடங்களோ, ஒரு சேவைக்கு எட்டு.

ஆமாம், எட்டுதான். நிஜமான வாடிக்கையாளர் ஒரு வினாடிக்குள் மூன்றாவது செய்தியை அனுப்பிவிட்டு உள்ளே போய்விடுவார் என்பதால் எட்டு இடம் தாராளம் என்று நினைத்திருந்தார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஸின் செய்தியின் நீளம் 40 பைட். எட்டு செய்தி 320 பைட். ஒரு போஸ்ட் கார்டில் எழுதுகிற அளவு. அதை 75 வினாடிக்கு ஒரு முறை அனுப்பிக்கொண்டே இருந்தால் போதும். அந்தச் சேவைக்கு வேறு யாரும் உள்ளே வருவது பெரும்பாடு.

'இடத்தை எட்டிலிருந்து ஆயிரமாக்கினால் ஆச்சு' என்று தோன்றும். ஆகாது. அப்போதைய டெலிபோன் மோடம், அந்தக் கிர்ர் சத்தத்தோடு இணைகிறதே அது, வினாடிக்கு 28,800 பிட் அனுப்பும். ஸின் ஒன்றுக்கு 320 பிட் என்றால் வினாடிக்கு 90 செய்தி. 75 வினாடியில் 6,750. ஆயிரம் இருக்கை போட்டாலும், வீட்டிலிருந்து ஒற்றை மோடத்தை வைத்துக்கொண்டு ஒருத்தன் அத்தனையிலும் துண்டு போட்டுவிடுவான். காத்திருக்கிற நேரத்தைக் குறைத்தால், மெதுவான தொடர்பில் தூரத்திலிருந்து வருகிற நல்ல வாடிக்கையாளரும் சேர்ந்து வெளியே தள்ளப்படுவார்.

சரி, அவன் முகவரியைப் பார்த்துத் தடுத்துவிடலாமே? அங்கேதான் இரண்டாவது கோளாறு. இணையச் செய்தியில் 'அனுப்புநர்' என்ற இடத்தில் எதை வேண்டுமானாலும் எழுதலாம். தபால் உறையின் பின்பக்கம் நான் 'அனுப்புநர்: ஜனாதிபதி மாளிகை' என்று எழுதிப் பெட்டியில் போட்டாலும் கடிதம் போய்ச் சேரும் இல்லையா, அது மாதிரி. தாக்குகிறவன் ஒவ்வொரு ஸின்னிலும் ஒரு பொய் முகவரி எழுதுகிறான். சர்வரின் பதில்கள் யாருமில்லாத முகவரிகளுக்குப் போய்த் தொலைகின்றன.

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் இல்லை. நியூயார்க்கில் 1989 முதல் நடந்துவரும் இணைய சேவை நிறுவனம் பேனிக்ஸ். 1996 செப்டம்பர் 6 அன்று அதன் மேல் இந்தத் தாக்குதல் தொடங்கியது. அஞ்சல் சர்வர் முதலில், பிறகு மற்றவை. பல நாட்களுக்கு வாடிக்கையாளர்கள் அஞ்சல் பார்க்க முடியாமலும், அங்கே தளம் வைத்திருந்தவர்களின் பக்கங்கள் திறக்காமலும் தவித்தார்கள். ஒரு இயந்திரமும் பழுதாகவில்லை. பொறியாளர்கள் எதிரே உட்கார்ந்து பார்க்கிறார்கள், எல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது, ஒருவரும் உள்ளே வர முடியவில்லை. அதே மாதம் 19-ம் தேதி, அமெரிக்காவின் கணிப்பொறி அவசர உதவிக் குழுவான செர்ட் எச்சரிக்கை வெளியிட்டது.

என்னை யோசிக்க வைப்பது இதற்கு முந்தைய சம்பவம். பில் செஸ்விக், ஸ்டீவ் பெலோவின் இருவரும் பெல் ஆய்வுக்கூடத்து ஆசாமிகள். 1994-ல் ஃபயர்வால் பற்றி அவர்கள் எழுதிய புத்தகம் இந்தத் துறையில் பால பாடம். இந்த ஓட்டை அவர்களுக்கு அப்போதே தெரியும். புத்தகத்தில் ஒரு பத்தியும் எழுதினார்கள். பிறகு அதை எடுத்துவிட்டார்கள். மருந்து இல்லாத வியாதியை ஊருக்குச் சொல்லி, போக்கிரிகளுக்கு வழி காட்டுவானேன் என்ற தயக்கம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். இரண்டு ஆண்டுகள் கழிந்தன. அதற்குள் மருந்து ஒன்றும் தயாராகவில்லை. 1996-ல் ஃபிராக் என்கிற ஹேக்கர் பத்திரிகை, தாக்குதலை நடத்துகிற நிரலையே அச்சிட்டது. பேனிக்ஸ் விழுந்தது. அவர்கள் அன்று சொல்லியிருக்க வேண்டும் என்று இன்று உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வது சுலபம். என் அபிப்பிராயம், சொல்லாமல் இருந்ததை விட, கிடைத்த இரண்டு ஆண்டுகளை யாரும் பயன்படுத்தாததுதான் பெரிய நஷ்டம். இப்போது வழக்கம் மாறியிருக்கிறது. ஓட்டையைக் கண்டவர் முதலில் தயாரிப்பாளர்களுக்கு ரகசியமாகச் சொல்கிறார். ஒரு தேதி குறிக்கிறார்கள். அந்த நாளில் ஓட்டையும் ஒட்டும் சேர்ந்தே வெளிவருகின்றன.

தாக்குதல் நடந்த அதே செப்டம்பரில் மருந்தும் பிறந்தது. டேனியல் பெர்ன்ஸ்டைன், எரிக் ஷெங்க் இருவரும் யோசித்த அந்த உபாயத்தின் பெயர் ஸின் குக்கி. இதைவிட நேர்த்தியான தந்திரம் இந்தத் துறையில் அபூர்வம் என்பேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சர்வரின் தொல்லை, ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியிருப்பது. அவர்கள் சொன்னது: ஞாபகம் வைத்துக்கொள்ளாதே. எப்படி? இரண்டாவது செய்தியில் சர்வர் ஒரு வரிசை எண் அனுப்புகிறது என்றேன் அல்லவா? அது 32 பிட் எண். சுமார் 429 கோடி எண்களில் எதை வேண்டுமானாலும் சர்வர் தேர்ந்தெடுக்கலாம். வாடிக்கையாளர் மூன்றாவது செய்தியில் அதையே, ஒன்று கூட்டி, திருப்பிச் சொல்லியாக வேண்டும். ஆக, சர்வர் எதை எழுதி அனுப்பினாலும் அது பத்திரமாகத் திரும்பி வரும். அப்படியானால் நினைவகத்தில் எழுத வேண்டிய குறிப்பை அந்த எண்ணுக்குள்ளேயே எழுதி அனுப்பிவிட்டால் என்ன?

பெர்ன்ஸ்டைன் முறையில் அந்த 32 பிட்டை இப்படிப் பங்கு போடுகிறார்கள். முதல் 5 பிட்டில் நேரம். 64 வினாடிக்கு ஒரு முறை நகர்கிற கடிகாரம். அடுத்த 3 பிட்டில், ஒரு துண்டில் எவ்வளவு தகவல் அனுப்பலாம் என்பதற்கான குறியீடு. மீதி 24 பிட்டில் முத்திரை. வாடிக்கையாளரின் முகவரி, சர்வரின் முகவரி, நேரம் இவற்றோடு சர்வருக்கு மட்டுமே தெரிந்த ரகசியம் ஒன்றையும் கலந்து அரைத்து எடுத்த எண் அது. எண்ணை அனுப்பிவிட்டு சர்வர் எல்லாவற்றையும் மறந்துவிடுகிறது. இருக்கை எதையும் ஒதுக்குவதில்லை. மூன்றாவது செய்தி வந்தால் அதிலிருந்து ஒன்றைக் கழித்து, அதே கணக்கை மறுபடி போட்டு, முத்திரை சரியா என்று பார்க்கிறது. சரி என்றால் அப்போதுதான் இருக்கை. பொய் முகவரி கொடுத்தவனுக்கு அந்த எண் போய்ச் சேராது. குருட்டாம்போக்கில் ஊகித்து ஒரு எண்ணை அனுப்பினாலும் 24 பிட் முத்திரை பொருந்துவதற்குச் சுமார் 1 கோடியே 67 லட்சத்தில் ஒரு வாய்ப்பு.

இதில் ரசிக்க வேண்டியது, எதிர்முனையில் இருக்கிற கோடிக்கணக்கான கணிப்பொறிகளில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. அவை எப்போதும் போல வந்த எண்ணைத் திருப்பிச் சொல்கின்றன; அதற்குள் முத்திரை இருப்பது அவற்றுக்குத் தெரியாது. 1997-ல் லினக்ஸுக்கு இது வந்து சேர்ந்தது. இனாமாக அல்ல. 3 பிட்டில் எட்டு அளவுகளைத்தான் குறிக்க முடியும். வேகத்தைக் கூட்டுகிற வேறு சில வசதிகளுக்கு அதில் இடம் பத்தாது. அதனால் லினக்ஸில், காத்திருப்போர் வரிசை நிரம்பினால் மட்டுமே குக்கி முறைக்கு மாறும்படி வைத்திருக்கிறார்கள். சாதாரண நாளில் பழைய உபசாரம்தான்.

பொய் முகவரியை மூலத்திலேயே தடுக்கவும் வழி சொல்லப்பட்டது. 2000 மே மாதம் வெளியான ஆர்.எஃப்.சி. 2827, ஒவ்வொரு இணைய நிறுவனமும் தன் வாடிக்கையாளர் தெருவிலிருந்து கிளம்பும் கடிதங்களில் அந்தத் தெருவின் முகவரிதான் இருக்கிறதா என்று சரிபார்க்கச் சொல்கிறது. நல்ல யோசனை. ஆனால் செலவு செய்பவர் ஒருவர், பயன் அடைபவர் ஊரில் வேறு யாரோ. இருபத்தைந்து ஆண்டு கழிந்தும் எல்லா நிறுவனங்களும் இதைச் செய்தபாடில்லை.

குக்கியால் தீராத வியாதியும் உண்டு. 2008-ல் ராபர்ட் லீ, ஜாக் லூயிஸ் இருவரும் 'சாக்ஸ்ட்ரெஸ்' என்று ஒன்றை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்கள். இதில் தாக்குபவன் நிஜ முகவரியோடே வருகிறான். மூன்று செய்தியும் முறையாக முடிகிறது. உட்கார்ந்ததும், 'இப்போது எதுவும் அனுப்பாதீர்கள், என் கை காலியில்லை' என்று சொல்லிவிட்டு நகராமல் இருக்கிறான். நெறிமுறைப்படி அப்படிச் சொல்ல அவனுக்கு உரிமை உண்டு. 2009 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் தன் இயங்குதளங்களுக்கு ஒட்டு வெளியிட்டபோது, விண்டோஸ் 2000-க்குக் கையை விரித்துவிட்டது. அதன் கட்டமைப்பில் இந்தப் பாதுகாப்பைச் சேர்க்கவே வழியில்லை என்று அறிவித்தது.

இதுவரை சொன்னவற்றில் நிரல் எழுதியவர் தப்பே செய்யவில்லை. ஒப்பந்தத்தில் எழுதியபடி நடந்தார். ஒப்பந்தம்தான் அந்நியனை நம்பியது. இன்னொரு வகை, அப்பட்டமான கணக்குத் தப்பு. அதற்கு 65,535 என்ற எண் நல்ல சாட்சி. 16 பிட்டில் அடங்குகிற மிகப் பெரிய எண் அது. ஒரு இணையச் செய்தியின் அதிகபட்ச நீளமும் அதுதான். பெரிய செய்தியைத் துண்டு துண்டாக அனுப்பி மறுமுனையில் ஒட்டுவார்கள். 1996-ல் 'பிங் ஆஃப் டெத்' வந்தது. 'இருக்கிறாயா?' என்று விசாரிக்கிற பிங் செய்திக்குள் 65,510 பைட் சரக்கைத் திணிக்கிறீர்கள். அதன் தலைப்பு 8, இணையத் தலைப்பு 20. கூட்டினால் 65,538. எல்லையைத் தாண்டியது மூன்றே பைட். ஒட்டுகிற நிரல் மொத்த நீளத்தைச் சரிபார்க்கவில்லை. ஒதுக்கிய இடத்தைத் தாண்டி எழுதியது, இயந்திரம் விழுந்தது. விண்டோஸ், யூனிக்ஸ் வகைகள், ரவுட்டர், பிரிண்டர் என்று வரிசையாக. விண்டோஸ் 95-ல் கூடவே வந்த பிங் கட்டளையே இந்தச் செய்தியை அனுப்பப் போதுமானதாக இருந்தது.

அதற்கு அடுத்த ஆண்டு 'லேண்ட்' என்று ஒன்று. அனுப்புநர், பெறுநர் இரண்டு இடத்திலும் அந்த இயந்திரத்தின் முகவரியையே எழுதி ஒரு ஸின். அது தனக்குத் தானே பதில் சொல்லிச் சொல்லி உறைந்துபோகும். திருத்தினார்கள். 2005-ல் விண்டோஸ் எக்ஸ்.பி.யின் இரண்டாவது சர்வீஸ் பேக்கில் அதே தப்பு திரும்ப வந்தது. எட்டு ஆண்டில் குழு மாறியிருக்கும். பழைய காயத்தின் கதையைப் புதியவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

2019 ஜூனில் நெட்ஃபிளிக்ஸ் பொறியாளர் ஜோனதன் லூனி கண்டுபிடித்தது 'சாக் பேனிக்'. தகவலில் எந்தெந்தத் துண்டு கிடைத்தது, எது வழியில் தொலைந்தது என்று மறுமுனை குறிப்பிட்டுச் சொல்லும் வசதிக்குச் சாக் என்று பெயர். லினக்ஸ் அனுப்ப வேண்டிய தகவலை மூட்டையாகக் கட்டி வைக்கிறது. ஒரு மூட்டையில் 17 பகுதி, பகுதிக்கு 32 கிலோபைட். மூட்டையில் எத்தனை துண்டுகள் என்ற எண்ணிக்கைக்கு 16 பிட். தாக்குபவன், 'எனக்கு மிகச் சிறிய துண்டுகளாகவே தாருங்கள்' என்கிறான். துண்டுக்கு 8 பைட் தகவல் என்ற அளவுக்கு அது இறங்கும். 17 × 32 × 1,024-ஐ 8-ஆல் வகுத்துப் பாருங்கள்: 69,632. மறுபடியும் 65,535-ஐத் தாண்டியாயிற்று. எண்ணிக்கை முரண்படுவதைக் கண்ட கெர்னல், இனி என்னால் என்னையே நம்ப முடியாது என்று தானே நின்றுவிடுகிறது. 2009-ல் வந்த 2.6.29 பதிப்பு முதல் பத்தாண்டு காலம், உலகமே படிக்கக்கூடிய நிரலில் இந்தக் கணக்கு அப்படியே இருந்தது.

அதற்கு முந்தைய ஆண்டு ஃபின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்து யுஹா-மட்டி டில்லி, 'செக்மென்ட்ஸ்மாக்' என்ற ஓட்டையைக் காட்டினார். இதில் எதுவும் உடையாது. துண்டுகளை வரிசை மாற்றி அனுப்பினால், அவற்றை அடுக்கி அடுக்கியே லினக்ஸ் களைத்துப்போகும். வினாடிக்கு இரண்டாயிரத்துக்கும் குறைவான செய்திகளில் செயலியின் ஒரு முழுக் கூறும் அதே வேலையில் மாட்டிக்கொள்ளும். சர்வர் முடங்குகிற ராத்திரிகளில், இது நிஜக் கூட்டமா, பொய்த் துண்டா, கணக்குத் தப்பா, களைப்பா என்று பிரித்தறிவதுதான் அந்தப் பையன் இரண்டு மணிக்கு எழுந்து செய்கிற வேலை. நான்குக்கும் மருந்து வேறு வேறு.

ஆர்வமுள்ள கல்லூரிப் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் ஒன்று சொல்லி வையுங்கள். தங்கள் அறையில் தங்களுடைய இரண்டு கணிப்பொறிகளை இணைத்து எதை வேண்டுமானாலும் சோதித்துக்கொள்ளலாம். கற்றுக்கொள்ள அதைவிட நல்ல வழி இல்லை. அடுத்தவர் இயந்திரத்தை முடக்கினால், 2000-ம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 43-ம் பிரிவு இதைத் தனியாகவே குறிப்பிடுகிறது. 66-ம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறையோ, ஐந்து லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும். 'சும்மா பார்த்தேன் சார்' என்பது அங்கே எடுபடாது.

வீட்டு வைஃபை பெட்டி பற்றியும் கேட்பீர்கள். அதற்குள்ளும் பெரும்பாலும் லினக்ஸ்தான் ஓடுகிறது. கணிப்பொறியும் போனும் அவ்வப்போது தங்களைப் புதுப்பித்துக்கொள்கின்றன. இந்தப் பெட்டியைப் பல வீடுகளில் வாங்கிய நாளுக்குப் பிறகு யாரும் திறந்தே பார்ப்பதில்லை. அடியில் ஒட்டியிருக்கிற சீட்டில் நிர்வாகப் பக்கத்தின் முகவரி இருக்கும். உள்ளே போய் ஃபர்ம்வேர் தேதியைப் பாருங்கள். 2019 ஜூனுக்கு முந்தையது என்றால் மேலே சொன்னவற்றில் சிலவற்றுக்கு ஒட்டு வந்து சேர்ந்திருக்காது. புதிய பதிப்பு இருந்தால் ஏற்றிக்கொள்ளுங்கள். அங்கேயே 'ரிமோட் மேனேஜ்மென்ட்' என்றொரு தேர்வு இருக்கும். வெளியிலிருந்து யாரும் பெட்டியின் நிர்வாகப் பக்கத்தோடு நேரடியாகப் பேச வேண்டிய அவசியம் வீட்டுக்காரர்களுக்குக் கிடையாது, அணைத்துவிடலாம். தயாரிப்பாளர் புதிய பதிப்பு தருவதையே நிறுத்திவிட்டார் என்று தெரிந்தால், அடுத்த முறை பண்டிகைத் தள்ளுபடி வரும்போது பட்டியலில் டிவிக்கு முன்னால் அந்தப் பெட்டியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.